கதவுக்கு வெளியே முப்பத்து மூன்று வருடம்

ஞானகுமாரிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் முப்பது வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள். சரியில்லாத உருப்படியைக் கையில் எடுத்து, அளந்து, சிவப்பு பெயின்ட் வைத்து ஒதுக்கிப் போடுவதுதான் வேலை. சூப்பர்வைசர் கெஞ்சினாலும் மேனேஜர் முறைத்தாலும் வைத்த சிவப்பு வைத்ததுதான். அப்படிப்பட்டவள் அந்தப் புதன்கிழமை சர்ச்சின் பங்கு ஆபீஸில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால், அது அவளுடைய அப்பாவுக்காக.

அப்பா சத்தியராஜுக்கு எண்பத்து நான்கு வயது. கோவில்பதாகை வீட்டின் முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது, இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். இது வேண்டும் அது வேண்டும் என்று எதையுமே கேட்டுப் பழகாத மனிதர், இப்போது ஒன்றே ஒன்று கேட்டார். சாவதற்குள் ஒரு தடவை நன்மை வாங்க வேண்டும்.

கத்தோலிக்கர் வீட்டில் இது ஒரு விஷயமே கிடையாது. பங்குச் சாமியாருக்கு ஒரு போன் போட்டால் வீட்டுக்கே வந்து, செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை நாக்கில் வைத்துவிட்டுப் போவார். சத்தியராஜுக்கு மட்டும் ஐம்பது வருடமாக அது கிடைக்கவில்லை. அவர் ஃப்ரீமேசன், ரகசியச் சடங்குகள் கொண்ட ஒரு சகோதரர் சங்கத்தில் சேர்ந்தவர். மேசன்களுக்கு நன்மை கொடுக்கக் கூடாது என்பது திருச்சபையின் சட்டம்.

ஆவடியில் மேசன்கள் கூடுகிற அந்த லாட்ஜைத் தெரிந்தவர்களுக்கும் பாதிதான் தெரியும். புதிதாக வருகிறவர்கள் போர்டைப் பார்த்துவிட்டு, ஏசி ரூம் கிடைக்குமா என்று கேட்பார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு அது பேய் பங்களா. எப்போதும் ஜன்னல்கள் சாத்தியே கிடக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கறுப்புக் கோட்டு போட்டவர்கள் ஆளுக்கொரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கி உள்ளே போவார்கள். அறுபத்து நான்காம் வருடம் அந்த ஊர்த் தொழிற்சாலை அதிகாரிகள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. உள்ளே மூலமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு என்று கொத்தனார் சாமான்களை வைத்து நீதி சொல்வார்களாம். நாம் எல்லோரும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் சகோதரர்கள் என்பார்களாம். அந்தச் சாமான்களை வெள்ளியில் குட்டியாகச் செய்து கழுத்திலும் மாட்டிக்கொள்வார்கள்.

மட்டத்தையும் குண்டையும் சோற்றுக்காகக் கையில் பிடித்தவர் அந்தக் கூட்டத்திலேயே ஒருவர்தான். தொழிற்சாலையில் மட்டம் பார்த்து இயந்திரங்களைப் பொருத்தும் ஃபிட்டராக இருந்த சத்தியராஜ். அவரைத்தான் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

கூட்டம் நடக்கும்போது உருவிய வாளோடு ஒருவர் வாசலில் காவல் நிற்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நிற்கிற ஆளும் மேசனாகவே இருக்க வேண்டும். அதிகாரிகளில் எவர் நிற்பார்? எழுபத்தொன்றில் சத்தியராஜைக் கூப்பிட்டு, சடங்கெல்லாம் செய்து, பணிச் சகோதரர் என்று ஒரு பெயர் கொடுத்துச் சேர்த்தார்கள். சந்தா வேண்டாம் என்றார்கள். சான்றிதழ் பின்னால் வரும் என்றார்கள். ஒரு வருடம் ரெண்டு வருடம் நில்லுங்கள், அப்புறம் நீங்களும் உள்ளே வந்து உட்காரலாம் என்றார்கள். சடங்கு அன்றைக்கு உள்ளே போனதோடு சரி. முப்பத்து மூன்று வருடம் அந்த மனிதர் வெளியே நின்றார். சான்றிதழும் வரவில்லை, நாற்காலியும் வரவில்லை. கேட்கவும் அவருக்குக் கூச்சம்.

ஏன் ஒத்துக்கொண்டார் என்பது ஞானகுமாரிக்குத் தெரியும். செங்கல்பட்டுப் பக்கம் அவர் பிறந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் அவர்கள் சாதிக்குத் தனிக் கதவு, தனிப் பக்கம், கல்லறையில்கூடத் தனி மூலை. அங்கிருந்து வந்தவருடைய கையைத் தொழிற்சாலையின் பெரிய அதிகாரி பிடித்துக் குலுக்கி, பிரதர் சத்தியராஜ் என்றார். அந்த ஒரு கைகுலுக்கலில் மனுஷன் விழுந்துவிட்டான் என்று அம்மா சாகிறவரை சொல்லிப் புலம்பினாள். 

எழுபத்து நான்கில் யாரோ போய் அப்போதைய பங்குச் சாமியாரிடம் வத்தி வைத்துவிட்டார்கள். அந்த வருடம்தான் ஞானகுமாரி முதல்முறையாகப் புது நன்மை வாங்கியிருந்தாள். கிறிஸ்துமஸ் பூசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். அப்பா வாயைத் திறந்து காத்திருந்தார். சாமியார் அவரைத் தாண்டிப் போய் அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். திறந்த வாயை எப்போது மூடுவது என்று தெரியாமல் அப்பா கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எட்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்தது. அதற்குப் பிறகும் அவர் ஒரு ஞாயிறு பூசையைத் தவறவிடவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்வார், எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது தலையைக் குனிந்துகொள்வார். லாட்ஜையும் விடவில்லை. ரெண்டு இடத்திலும் முணுமுணுக்காமல் ஒழுங்காக நின்றார். முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போன பிறகுதான், ரெண்டாயிரத்து நான்கில், வாளைத் திருப்பிக் கொடுத்தார். அவரை வழியனுப்ப ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை அந்தச் சகோதரர்கள்.

இப்போதைய பங்குத்தந்தை ஃபாதர் ஃபெலிக்ஸ் நாற்பது வயதுக்காரர், தன்மையாகப் பேசுகிறவர். புதன்கிழமை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். லாட்ஜிலிருந்து விலகிவிட்டார் என்று அவர்கள் கைப்பட ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்ததும் நானே வீட்டுக்கு வருகிறேன் என்றார். இருபது வருடமாக லாட்ஜ் வாசலையே மிதிக்காதவர், கட்டிலை விட்டு இறங்க முடியாதவர், விலகினாரா இல்லையா என்பதற்குக் கடிதம் கேட்கிறாரே என்று ஞானகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதுகிறேன் என்றார் சத்தியராஜ். தலையணையில் சாய்த்து வைத்து, பரீட்சை அட்டையைக் கொடுத்தாள். ஆறு வரி எழுத அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனாலும் எழுத்து நேராகத்தான் நின்றது. அன்புள்ள ஐயா, சகோதரரே என்று ஆரம்பித்து, எழுபத்தொன்றிலிருந்து இந்த லாட்ஜின் வாசலில் நின்ற சத்தியராஜாகிய நான், என் முழு மனதோடு இன்றோடு விலகிக்கொள்கிறேன் என்று முடித்திருந்தார். மடித்துக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லாட்ஜின் செயலாளர் ஜெயராமன் முகப்பேரில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருந்தார். தொழிற்சாலையில் துணை மேலாளராக ஓய்வு பெற்றவர், லாட்ஜின் முன்னாள் தலைவர். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம் பரப்பி வைத்திருந்தார். லாட்ஜுக்கு அறுபது வயது நிறைகிறதாம், ஞாயிறு சாயங்காலம் மலர் வெளியீடாம். லாட்ஜின் முழு வரலாற்றையும் அவரே எழுதியிருக்கிறாராம். வந்தவள் யார், என்ன என்று கேட்பதற்கு முன்னால் முன்னுரையையே பாதி படித்துக் காட்டிவிட்டார். பழைய கூட்டக் குறிப்புகளெல்லாம் கரையானுக்குப் போய்விட்டன, நல்ல வேளையாக வாசலில் எல்லோரும் கையெழுத்துப் போடும் வருகைப் புத்தகங்கள் மட்டும் தப்பித்தன, அவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு பெயராகக் கோத்து எழுதினேன் என்று பெருமைப்பட்டார்.

அந்தப் புத்தகங்கள் மேசை ஓரத்தில் அடுக்கியிருந்தன. ஞானகுமாரி பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அப்பா வாளோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கும்வரை அவள் வீட்டுப் பரணில் இருந்தவை. வருகைப் புத்தகம் வாசல் காவலர் பொறுப்பு. பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி, வேப்பிலையும் ரசக்கற்பூரமும் போட்டு, மழைக்காலம் வந்தால் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் போய்ப் பார்ப்பார் அப்பா. ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். மேலே தேதி அப்பாவின் கையெழுத்தில். கீழே வரிசையாக மற்றவர்களின் கையெழுத்துகள்.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாள். ஜெயராமன் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். பிறகு உறுப்பினர் பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார்.

"மேடம், இவர் பேரே இல்லையே. ராஜினாமாவ ஏத்துக்கணும்னா முதல்ல அவர் மெம்பரா இருந்திருக்கணும்."

பட்டியல் வருகைப் புத்தகத்திலிருந்து எடுத்தது. உள்ளே போகிறவர்கள்தான் அதில் கையெழுத்துப் போடுவார்கள். புத்தகத்தைப் பிரித்து நீட்டி, பேனாவையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிறவர் போட மாட்டார். அது அந்த லாட்ஜின் வழக்கம். முப்பத்து மூன்று வருடத்தில் நானூறு கூட்டம் நடந்திருக்கும். நானூறிலும் அவர் வரவில்லை என்றுதான் கணக்கு.

ஞானகுமாரி மலரின் பக்கங்களைப் புரட்டினாள். முதல் தலைவர், இரண்டாம் தலைவர், விருந்துக்கு வந்தவர்கள், மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர், சமையல் கான்ட்ராக்டர் பெயர்கூட இருந்தது. ஓர் இடத்தில், வாயில் காவலுக்கு அவ்வப்போது ஊழியர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார் என்று ஒரு வரி இருந்தது. அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். கம்பெனியில் சிவப்பு வைப்பதற்கு முன்னால் உருப்படியை அப்படித்தான் அழுத்திப் பிடிப்பாள்.

"நீங்க எந்த வருஷம் சேந்தீங்க சார்?"

எண்பத்தொன்பது என்றார்.

"புதுசா வர்றவங்க கண்ணக் கட்டி, பேன்ட்ட முட்டிக்கு மேல சுருட்டிவுட்டு, கதவு வரைக்கும் கூட்டினு போறது வாசல்ல நிக்கிறவரு வேலைன்னு எங்க நைனா சொல்லிக்கீறாரு. உங்க கண்ண யாரு சார் கட்டுனா?"

 ஜெயராமனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. தனிப்பட்ட முறையில் சத்தியராஜை எனக்குத் தெரியும் மேடம், ரொம்ப நல்ல மனுஷன், அன்றைக்குக் கண்கட்டோடு நான் தடுமாறியபோது தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்றார். ஆனால் வரலாறு என்று எழுதும்போது ஆதாரம் வேண்டும், ஆளாளுக்கு ஞாபகத்தில் இருப்பதை எழுத முடியாது என்றார். ஆதாரத்தைப் பரணில் வைத்துக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டாள். தேதியெல்லாம் யார் எழுத்து என்று கேட்டாள். எழுத்து அவருடையதாக இருக்கலாம், பெயர் இல்லையே என்றார் அவர். ஓங்கி ஒரு அறை விட்டால் என்ன என்று தோன்றியது அவளுக்கு. அறுபது வருட வரலாறாம். தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவனுக்குத் தோளின் பெயர் தெரியாதாம்.

அப்போதுதான் ஜெயராமனுக்கு ஒரு யோசனை உதித்தது. உங்களுக்கு என்ன, சர்ச்சில் காட்ட ஒரு கடிதம்தானே வேண்டும் என்று லெட்டர்ஹெட்டை எடுத்தார். கோவில்பதாகையில் வசிக்கும் சத்தியராஜ் என்பவர் எங்கள் லாட்ஜில் எக்காலத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

"விலகிட்டார்னு எழுதுறதவிட இது ஸ்ட்ராங். சேரவே இல்லன்னா பாவமே இல்லையே. ஃபாதர் கேள்வியே கேக்க மாட்டார்."

உதவி செய்த திருப்தியோடு சிரித்தார். அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்து அவர் மலரின் மேல் போட்டுவிட்டு இறங்கி வந்திருக்க வேண்டும். முப்பது வருடம் சிவப்பு வைத்த கைக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அப்பாவுக்குக் கால் ரெண்டும் நேற்றே வீங்கிவிட்டது. இன்னொரு கடிதத்துக்கு அலைய நாள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அவள் கடிதத்தை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. அது ஒன்றைத்தான் அவளால் செய்யாமல் இருக்க முடிந்தது.

ஃபாதர் ஃபெலிக்ஸ் கடிதத்தைப் படித்ததும் முகம் மலர்ந்தார். அப்படியானால் பிரச்சினையே இல்லையே, யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பி ஒரு வயதானவரை இத்தனை வருடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்களே என்று வருத்தப்பட்டார். ஞானகுமாரியின் குரல் இறங்கியது. எவனோ வாயால் சொன்னதற்கு ஐம்பது வருடம் கதவை மூடினீர்கள், இப்போது ஒரு முத்திரையைப் பார்த்ததும் திறக்கிறீர்கள், நடுவில் அந்த மனுஷனிடம் ஒருத்தராவது நேரில் வந்து கேட்டீர்களா என்றாள். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அம்மா என்றார் ஃபாதர். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அநியாயம் செய்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், முத்திரை மட்டும் ஆள் மாறி ஆள் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"ஏத்துக்கினாங்களாம்மா?"

"ஏத்துக்கினாங்க நைனா."

"இன்னா சொன்னாரு ஜெயராமன் சாரு?"

உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார் என்றாள். அது பொய்யும் இல்லை. அப்பா சிரித்தார். பல் இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பாவுக்கு உடம்பு துடைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கட்டிலில் உட்கார வைத்தாள். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் ரெண்டு மெழுகுவர்த்தியையும் வைத்தாள். நன்மை வாங்கும்வரை காபிகூட வேண்டாம் என்றுவிட்டார் அப்பா. தலையை வாரிவிடச் சொன்னார், வாரியதும் கண்ணாடி கேட்டார், பார்த்துவிட்டு இன்னொரு தடவை வாரச் சொன்னார். ஐம்பது வருடப் பாவத்தை ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தார். மறந்துபோகும் என்று பயமாம்.

பத்தரைக்கு ஃபாதர் வந்தார். கழுத்தில் ஊதாப்பட்டையைப் போட்டுக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக ஞானகுமாரியை வெளியே போகச் சொல்லும் முன், அன்பாகத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஐயா, நீங்க இத்தனை வருஷம் வீணா மனசக் கஷ்டப்படுத்திக்கிட்டீங்க. நீங்க அந்த லாட்ஜுல எப்பவுமே மெம்பர் கிடையாதுன்னு அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க."

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். ஃபாதர் ஜிப்பாப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். மெழுகு ஒழுகித் துணியில் விழுவதை ஞானகுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"சாமி, நான் மெம்பரு. எழுபத்தொண்ணு ஆகஸ்டு ஏழாம் தேதி பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்ணேன். முப்பத்து மூணு வருசம் நின்னேன். அது தப்புன்னா தப்புன்னு சொல்லி மன்னிப்பு கேட்டு வாங்கிக்கிறேன். செய்யவே இல்லன்னு சொல்லி வாங்க மாட்டேன்."

ஃபாதர் திகைத்துப்போனார். அவர் கெட்டவர் இல்லை. விலகியதற்கு ஆதாரம் வேண்டும், சேரவே இல்லை என்று ஆதாரம் இருக்கிறது, சேர்ந்தேன் என்று இவர் சொல்கிறார். எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை ஐயா, மேலிடத்தில் கேட்டுவிட்டுப் புதன்கிழமைக்குள் வருகிறேன் என்றார். வாய்விட்டு ஒப்புக்கொள்கிறவனை மன்னிக்க எந்த மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று ஞானகுமாரி கேட்டாள். ஃபாதர் நற்கருணைச் சிமிழைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அவர் போன பிறகு ஞானகுமாரி கொட்டித் தீர்த்தாள். இன்றைக்குச் சாயங்காலமே லாட்ஜுக்குப் போகிறேன், மேடையில் ஏறி அந்த ஜெயராமன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்குகிறேன், பிஷப் வீட்டு வாசலில் போய் உட்காருகிறேன், ஒருத்தனையும் விடப்போவதில்லை என்றாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். கடிதம் இன்னும் அவர் மடியில் கிடந்தது.

"அவுங்கள வுடு. அவுங்க என்னிக்கும் அப்டித்தான், எனக்குத் தெரியும். இத எழுதுனப்ப நீ எதிர்லதான இருந்த?"

இருந்தேன் என்றாள்.

"படிச்சியா?"

படித்தேன் என்றாள்.

"படிச்சிட்டுமா கைநீட்டி வாங்கினு வந்த, குமாரி?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவளுக்கும் திருப்பிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். உங்களுக்காகத்தான் நைனா என்றாள். அப்பா வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். மேல் பொத்தான் வரவில்லை. உதவிக்குப் போன அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டார்.